‘என் அப்பா பீடி குடித்தே ஆறு பிள்ளை பெற்றாரே!’

கேள்வி: எனக்கு வயது 29, கணவருக்கு 34. ஏற்காட்டில் நாகலூர் பக்கம் ஒரு காபி எஸ்டேட்டில் அவர் ரைட்டராக இருக்கிறார். திருமணமாகி நான்கு ஆண்டுகள் ஆகின்றன. இரண்டு ஆண்டுகளுக்கு முன் ஒருமுறை கரு தங்கி, ஏழாவது வாரத்தில் கலைந்துவிட்டது. அதன்பின் தங்கவில்லை. மாமியாரோடு சேலத்துக்கு வந்து ஸ்கேன், ரத்தப் பரிசோதனை, கருக்குழாய் எக்ஸ்ரே எல்லாம் செய்துகொண்டேன். முட்டைக் கையிருப்பைக் காட்டும் ஏ.எம்.எச். ஹார்மோன் அளவு 1.6, வயதுக்குக் கொஞ்சம் குறைவு, மற்றபடி கோளாறு எதுவும் இல்லை என்றார்கள். கணவருக்கு இதுவரை ஒரு பரிசோதனையும் செய்யவில்லை. அவர் நாளைக்குப் பதினைந்து சிகரெட்டாவது புகைப்பார். குளிர்காலத்தில் கதவு, ஜன்னலை அடைத்துக்கொண்டு வீட்டுக்குள்ளேயே புகைப்பார். கேட்டால், “என் அப்பா நாளெல்லாம் பீடி குடித்தே ஆறு பிள்ளை பெற்றாரே!” என்கிறார். புகைபிடிப்பதற்கும் குழந்தை தங்காததற்கும் உண்மையிலேயே தொடர்பு உண்டா? நான் புகைப்பதில்லை. காபிப் பழம் பறிக்கும் பருவத்தில் மட்டும் மற்ற பெண்களோடு சேர்ந்து வெற்றிலையில் கொஞ்சம் புகையிலை வைத்துப் போடுவேன். அதுவும் கணக்கில் வருமா?

— பெயர் வேண்டாம், ஏற்காடு

பதில்: அன்புள்ள சகோதரி,

தொடர்பு உண்டு. இரண்டு பேருக்கும் உண்டு. ஆனால் அதற்குள் போகும் முன் உங்கள் கடிதத்தில் என்னை எரிச்சல்படுத்திய விஷயத்தைச் சொல்லிவிடுகிறேன். உங்களுக்கு ஊசி போட்டாயிற்று, ஸ்கேன் எடுத்தாயிற்று, வலியைப் பொறுத்துக்கொண்டு கருக்குழாய்க்குள் மருந்து செலுத்திப் படமும் எடுத்தாயிற்று. இத்தனையிலும் எளிதான, வலியே இல்லாத, சில நூறு ரூபாயில் முடிந்துவிடுகிற விந்துப் பரிசோதனை மட்டும் நடக்கவில்லை. குழந்தைக்காகக் காத்திருக்கும் தம்பதிகளில் ஏறக்குறைய பாதிப் பேரிடம் ஆணின் பக்கமும் ஏதேனும் ஒரு காரணம் இருக்கும். அந்தப் பாதியைப் பார்க்காமலேயே உங்கள் கோப்பு தடித்துக்கொண்டு போகிறது. இதில் குடும்பத்தை மட்டும் குறை சொல்ல மாட்டேன். தனியாக வந்த பெண்ணிடம் “அடுத்த முறை கணவரையும் அழைத்து வாருங்கள்” என்று சொல்லி அனுப்பாத மருத்துவர்களான எங்கள் ஆட்களுக்கும் இதில் பங்கு உண்டு.

ஆகவே முதல் வேலை அதுதான். இரண்டு நாளுக்குக் குறையாமலும் ஏழு நாளுக்கு மிகாமலும் உறவைத் தவிர்த்துவிட்டு அவர் ஆய்வகத்துக்கு வர வேண்டும். மலையில் இருப்பவர்களுக்கு ஒரு விஷயம் சொல்ல வேண்டும். வெட்கப்பட்டுக்கொண்டு வீட்டிலேயே எடுத்து, டப்பாவை பஸ்ஸில் கொண்டுவரலாம் என்று அவர் நினைத்தால் வேண்டாம் என்று சொல்லுங்கள். மாதிரியை ஒரு மணி நேரத்துக்குள், உடல் சூடு குறையாமல் ஆய்வகத்தில் சேர்க்க வேண்டும். நாகலூரிலிருந்து ஏற்காடு வந்து, இருபது கொண்டை ஊசி வளைவுகளும் இறங்கி, அஸ்தம்பட்டி நெரிசலையும் தாண்டி வருவதற்குள் அந்த நேரம் போய்விடும். மலைக் குளிரில் விந்தணுவின் அசைவும் குறைந்துவிடும். பிறகு அறிக்கையில் ‘அசைவு குறைவு’ என்று வந்தால் குற்றம் யாருடையது என்றே தெரியாது. ஆய்வகத்திலேயே அதற்குத் தனி அறை இருக்கிறது. அங்கே கொடுப்பதுதான் சரி.

அறிக்கை கைக்கு வந்ததும் பதறவும் கூடாது, துள்ளவும் கூடாது. உலக சுகாதார நிறுவனம் 2021இல் வெளியிட்ட கையேட்டின்படி ஒரு மில்லிலிட்டரில் 1 கோடியே 60 லட்சம் விந்தணுக்கள், அவற்றில் 42 சதவீதத்துக்கு அசைவு, 4 சதவீதத்துக்குச் சரியான வடிவம் என்பவை கீழ் எல்லைகள். ஓராண்டுக்குள் மனைவி கருவுற்ற ஆண்களைப் பரிசோதித்து, அவர்களில் கடைசி 5 சதவீதத்தினர் நிற்கும் இடத்தில் போட்ட கோடு இது. கோட்டுக்குக் கீழே இருப்பவருக்குக் குழந்தையே பிறக்காது என்று பொருள் இல்லை. மேலே இருப்பவருக்கு உத்தரவாதமும் இல்லை. ‘96 சதவீதம் வடிவம் சரியில்லை’ என்று படித்துவிட்டு அழுதபடி வந்த ஆண்களைப் பார்த்திருக்கிறேன். அது இயல்பான அறிக்கைதான். எண்ணிக்கை குறைந்திருந்தால் சில வாரங்கள் கழித்து இன்னொரு முறை பார்த்த பிறகே எதையும் முடிவு செய்ய வேண்டும். இடையில் ஒரு காய்ச்சல் வந்து போயிருந்தாலும் எண்ணிக்கை இறங்கும்.

இனி உங்கள் மாமனாரின் ஆறு பிள்ளைகளுக்கு வருவோம். இந்த வாதத்தைச் சேலத்தில் சங்ககிரி லாரி ஓட்டுநரும் சொல்வார், செவ்வாய்ப்பேட்டையில் வெள்ளிப் பட்டறை வைத்திருப்பவரும் சொல்வார், கல்லூரிப் பேராசிரியரும் சொல்வார். பொய்யில்லை, அவர் பீடி குடித்தார், ஆறு பிள்ளைகளும் பிறந்தார்கள். ஆனால் கருத்தரிப்பு என்பது இரண்டு பேரின் திறன் சேர்ந்து நடப்பது. ஒருவர் பக்கம் வலுவாக இருந்தால் இன்னொருவர் பக்கத்துக் குறை வெளியே தெரியாது. அந்தத் தலைமுறையில் பெண்ணுக்குப் பெரும்பாலும் இருபது வயதுக்குள் திருமணம் நடந்தது. முதல் சில ஆண்டுகளிலேயே பிரசவங்கள் தொடங்கிவிட்டன. கணவனின் விந்தணுவில் ஏதாவது குறைந்திருந்தாலும் அதை ஈடுகட்டும் வயதில் மனைவி இருந்தாள். நடுவில் எத்தனை கரு கலைந்தது என்று எந்த வீட்டிலும் எழுதி வைக்கவில்லை. இன்னொன்று, புகை எல்லா ஆண்களையும் ஒரே அளவில் பாதிப்பதில்லை. தாராளமான எண்ணிக்கையோடு தொடங்குகிறவர் கொஞ்சம் இழந்தாலும் தந்தையாகிவிடுவார். விளிம்பில் நிற்பவர் அதே இழப்பில் கோட்டுக்குக் கீழே போய்விடுவார். உங்கள் கணவர் இந்த இருவரில் யார் என்பதை அவருடைய அப்பாவைப் பார்த்துச் சொல்ல முடியாது, அவருடைய அறிக்கையைப் பார்த்தால் சொல்லலாம்.

புகை உள்ளே போய் என்னதான் செய்கிறது? சிகரெட்டிலும் பீடியிலும் நிகோட்டின் மட்டும் இல்லை; காட்மியம், ஈயம் போன்ற உலோகங்களும், தாரில் உள்ள பென்சோபைரீன் வகை நச்சுகளும், கார்பன் மோனாக்சைடும் இருக்கின்றன. இவை விரைகளுக்குள் விந்தணு உருவாகும் இடத்தில், செல்களைச் சிதைக்கும் ஆக்சிஜனேற்ற அழுத்தத்தைக் கூட்டுகின்றன. விந்தணு மிகச் சிறிய செல். தன்னைப் பழுதுபார்த்துக்கொள்ளும் வசதி அதற்கு ஏறத்தாழ கிடையாது. அதன் வெளிச்சவ்வு கெடும்போது அசைவு குறைகிறது. வாலுக்கு ஆற்றல் தரும் பகுதி பாதிக்கப்பட்டால் முட்டை வரை நீந்திப் போகாது. எண்ணிக்கை, அசைவு, வடிவம் மூன்றும் புகைப்பவர்களிடம் சராசரியாகக் குறைந்திருப்பதைப் பல நாட்டு ஆய்வுகள் திரும்பத் திரும்பக் காட்டியிருக்கின்றன. நாளொன்றுக்குப் புகைக்கும் அளவு கூடக் கூடக் குறைவும் கூடுகிறது. வெளியே யாரும் பேசத் தயங்கும் இன்னொன்றும் உண்டு. நிகோட்டின் ரத்தக் குழாய்களைச் சுருக்கும். ஆணுறுப்புக்குப் போகும் குழாய்கள் இதயத்தின் குழாய்களைவிட ஒடுங்கியவை என்பதால் நீண்ட காலம் புகைப்பவர்களுக்கு விறைப்புக் குறைபாடு நெஞ்சுவலிக்குப் பல ஆண்டுகள் முன்பே எட்டிப் பார்க்கும். உங்கள் வீட்டில் அப்படி ஏதேனும் இருந்தால் அதை மருத்துவரிடம் அவரே சொல்லட்டும், நீங்கள் சொல்ல வேண்டாம்.

எண்ணிக்கை நன்றாக இருந்தால் புகையைப் பற்றிக் கவலையில்லை என்று அவர் சொல்லக்கூடும் என்பதால் இதையும் எழுதுகிறேன். வழக்கமான விந்துப் பரிசோதனை விந்தணுவின் தலைக்குள் இருக்கும் டி.என்.ஏ.வைப் பார்ப்பதில்லை. புகைப்பவர்களின் விந்தணுக்களில் டி.என்.ஏ. உடைந்திருப்பது அதிகம். கருமுட்டை அந்தச் சேதத்தில் ஓரளவைத் தானே சரிசெய்யும். மிஞ்சினால் கரு வளராமல் நிற்கலாம், தங்கிய கரு கலையலாம். தந்தை அதிகமாகப் புகைக்கும் வீடுகளில் கருச்சிதைவு சற்றுக் கூடுதலாக இருப்பதையும் ஆய்வுகள் கண்டிருக்கின்றன. இதைப் படித்துவிட்டு, இரண்டு ஆண்டுகளுக்கு முன் கலைந்த கருவுக்கு அவருடைய சிகரெட்தான் காரணம் என்று சண்டைக்குப் போகாதீர்கள். உறுதியான கர்ப்பங்களில் 100க்கு 10 முதல் 15 வரை முதல் மூன்று மாதங்களுக்குள் கலைகின்றன. அவற்றில் பெரும்பாலானவை யாருடைய தவறும் இல்லாமல் நேரும் குரோமோசோம் பிழைகள். உங்களுடையது எந்த வகை என்று இப்போது யாராலும் சொல்ல முடியாது.

உங்கள் பக்கத்துக்கு வருகிறேன். ஆணுக்கு விந்தணு வாழ்நாள் முழுவதும் புதிதாக உருவாகிக்கொண்டே இருக்கும். பெண்ணுக்கு அப்படி இல்லை. பிறக்கும்போது சினைப்பைகளில் 10 முதல் 20 லட்சம் முட்டைகள் இருக்கும். பூப்படையும்போது அது 3 அல்லது 4 லட்சமாகக் குறைந்துவிடும். அதற்கு மேல் ஒன்றுகூடச் சேராது. புகையில் உள்ள நச்சுகள் இந்தக் கையிருப்பு கரைவதை வேகப்படுத்துகின்றன. புகைக்கும் பெண்களுக்கு மாதவிடாய் 1 முதல் 4 ஆண்டுகள் வரை முன்னதாகவே நின்றுவிடுவதற்கு இதுதான் காரணம். அவர்களுக்குக் கருத்தரிக்காமல் போகும் வாய்ப்பு புகைக்காதவர்களைவிட ஏறக்குறைய ஒன்றரை மடங்கு. கருக்குழாயின் உட்சுவரில் முட்டையை நகர்த்திக் கொடுக்கும் நுண்ணிய மயிரிழைகளின் அசைவும் மந்தமாகிறது. கரு குழாயிலேயே தங்கிவிடும் ஆபத்து புகைக்கும் பெண்களுக்குக் கூடுவதில் இதற்கும் பங்கு உண்டு.

“நான் புகைப்பதில்லையே” என்பீர்கள். அடைத்த அறையில் பதினைந்து சிகரெட் புகையும்போது அந்த வேறுபாடு நீங்கள் நினைப்பதைவிடச் சிறியது. அவர் உள்ளிழுப்பது இழுக்கும் நேரத்தில் மட்டும். இரண்டு இழுப்புகளுக்கு நடுவே சிகரெட்டின் நுனியிலிருந்து எழும் புகை வடிகட்டி வழியாக வருவதில்லை. நச்சும் அதில் அதிகம். கணவர் மட்டுமே புகைக்கும் வீட்டுப் பெண்களின் கருமுட்டையைச் சுற்றியுள்ள நீரில், நிகோட்டின் உடலுக்குள் மாறி உண்டாகும் கோட்டினைனைக் கண்டுபிடித்திருக்கிறார்கள். உங்கள் படுக்கையறைப் புகை சினைப்பை வரை போகிறது என்பதற்கு இதைவிடச் சான்று வேண்டாம். 2016-17இல் இந்தியா முழுவதும் நடந்த பெரியவர்களுக்கான புகையிலைக் கணக்கெடுப்பில் 38.7 சதவீதம் பேர் வீட்டுக்குள் பிறர் விடும் புகையைச் சுவாசிப்பதாகத் தெரிந்தது. ஏற்காடு கடல் மட்டத்திலிருந்து சுமார் 1,500 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. மார்கழிக் குளிரில் கதவைத் திறந்து வையுங்கள் என்று நான் எளிதாக எழுதிவிடலாம், நீங்கள் செய்ய முடியாது. ஆகவே விதி ஒன்றுதான்: வீட்டுக் கூரைக்கு அடியில் சிகரெட் பற்றவைக்கக் கூடாது. அவர் முழுதாக விடும் நாள் வரை, குளிரோ மழையோ, வெளியே போய்த்தான் புகைக்க வேண்டும். ஜன்னலோரம் நின்று புகைப்பது பயன் தராது. வெளியே நிற்கும் குளிரே சில சிகரெட்டுகளைக் குறைக்கும் என்பது என் அனுபவம்.

உங்கள் ஏ.எம்.எச். 1.6 இருப்பதற்கு அவருடைய புகைதான் காரணமா என்றால், சொல்ல முடியாது. பரம்பரை, உடல்வாகு எனப் பல காரணங்கள் இருக்கலாம். அந்த எண்ணைப் பார்த்துப் பயப்படவும் வேண்டாம். அது மிச்சமுள்ள முட்டைகளின் அளவைத் தோராயமாகச் சொல்லும். இந்த மாதம் இயற்கையாகக் கரு தங்குமா என்பதைச் சொல்லாது. 29 வயதில் முட்டையின் தரம் நன்றாகவே இருக்கும். ஆனால் இருக்கும் நேரத்தை வீணாக்கக் கூடாது என்ற அளவில் அந்த எண்ணை எடுத்துக்கொள்ளுங்கள்.

நேரம் என்றதும் உங்கள் கணவருக்கு நேரடியாக ஒரு கணக்கைச் சொல்கிறேன். ஒரு விந்தணு உருவாகி முடிய ஏறக்குறைய 72 முதல் 74 நாட்கள் ஆகின்றன. அதன்பின் முதிர்ந்து வெளியே வர மேலும் ஒன்றிரண்டு வாரங்கள். இன்று அவர் கொடுக்கும் மாதிரி, மூன்று மாதங்களுக்கு முன் அவர் புகைத்த நாட்களின் கணக்கு. எஸ்டேட் ரைட்டருக்கு இது புரியும்: மார்கழியில் கூடையில் விழும் பழம் பங்குனி, சித்திரை மழைக்குப் பூத்த பூவிலேயே முடிவானது. இன்று சிகரெட்டை விட்டால் அடுத்த வாரப் பரிசோதனையில் மாற்றம் தெரியாது. மூன்று மாதம் ஒன்றுகூடத் தொடாமல் இருந்தால், அதன்பின் வருவது புகை படாமல் உருவான விந்தணு. நடுவில் திருவிழாவுக்கு இரண்டு, கல்யாண வீட்டில் நான்கு என்று தொட்டால் அந்தத் தொகுதியும் கெடும். பதினைந்தை ஐந்தாகக் குறைத்துவிட்டேன் என்று சொல்பவர்களை நான் பாராட்டுவேன், நம்ப மாட்டேன். நிகோட்டின் போதாத உடல் அந்த ஐந்தையும் ஆழமாக இழுக்கும். சிகரெட்டை விட்டுப் பீடிக்கு மாறுவதில் லாபம் ஒன்றும் இல்லை. அணைந்து போகாமலிருக்க அதை அடிக்கடி இழுக்க வேண்டியிருப்பதால் தார் கூடுதலாகவே போகும். மின்சிகரெட் இந்தியாவில் 2019 முதல் சட்டப்படி தடை.

விடுவது கடினம், அதை மறைக்க மாட்டேன். முதல் மூன்று நாட்கள் எரிச்சல், தூக்கமின்மை, பசி எல்லாம் வரும். அந்த நாட்களில் அவர் பேசும் பேச்சை நீங்கள் மனத்தில் வைத்துக்கொள்ளக் கூடாது. தேதி குறித்துவிட்டு நிறுத்துவது நல்லது. பழம் பறிப்பு தொடங்கி, ஆள் கணக்கும் எடைக் கணக்குமாக அவர் திண்டாடும் நேரத்தில் வேண்டாம், அதற்கு முன்பே தொடங்கட்டும். நிகோட்டின் சூயிங்கம் 2 மில்லிகிராம் மருந்துக் கடையில் கிடைக்கும். அதை மிட்டாய்போல் மென்று விழுங்கக் கூடாது. காரம் தெரியும் வரை மெதுவாக மென்று, கன்னத்தோரம் ஒதுக்கி வைத்து, காரம் அடங்கியதும் மீண்டும் மெல்ல வேண்டும். காபி குடித்துக் கால் மணி நேரம் ஆகும் முன் அதைப் போட்டால் வாயில் உள்ள புளிப்புத்தன்மையில் நிகோட்டின் உள்ளே ஏறாது. பலர் “சூயிங்கம் வேலை செய்யவில்லை” என்று தூக்கிப் போடுவதற்கு இதுவும் ஒரு காரணம். காபியைப் பற்றி இன்னொன்று. புகையின் தார் கல்லீரலில் காஃபீனை எரிக்கும் நொதியை முடுக்கி வைத்திருக்கும். புகையை விட்டதும் அந்த வேகம் குறையும். பழைய அளவிலேயே காபி குடித்தால் படபடப்பு வரும். அதை அவர் சிகரெட் இல்லாத குறை என்று எண்ணிக்கொண்டு மறுபடி பற்றவைப்பார். காபியைப் பாதியாகக் குறைத்துக்கொள்ளட்டும், எஸ்டேட்டுக்காரரானாலும்.

இதற்கும் அடங்காவிட்டால் மருத்துவர் சீட்டில் தரும் மாத்திரைகள் உண்டு. சேலம் அரசு மோகன் குமாரமங்கலம் மருத்துவக் கல்லூரி மருத்துவமனையின் மனநலப் பிரிவில் கேட்கலாம். மனநலம் என்ற பெயரைக் கண்டு தயங்க வேண்டியதில்லை. 1800-11-2356 என்ற கட்டணமில்லாத தேசிய உதவி எண்ணில் தமிழிலும் பேசலாம். அந்த எண்ணைத் தேட வேண்டியதே இல்லை, அவர் சட்டைப் பையில் இருக்கும் பாக்கெட்டின் மேலேயே அச்சிட்டிருக்கும்.

அவரிடம் எப்படிப் பேசுவது? இந்தப் பதிலைச் சோற்றுத் தட்டுக்குப் பக்கத்தில் வைத்துவிட்டுப் போகாதீர்கள், அது குத்திக் காட்டுவதாகிவிடும். ‘உங்களிடம்தான் குறை’ என்றும் தொடங்காதீர்கள். அது இன்னும் தெரியாத விஷயம். அடுத்த முறை சேலத்துக்கு இரண்டு பேரும் போகிறோம் என்று மட்டும் சொல்லுங்கள். உங்கள் மாமியார் இத்தனை முறை உங்களோடு மலையிறங்கி வந்திருக்கிறார் என்றால் அவருக்கும் அக்கறை இருக்கிறது. அவரைத் துணைக்குச் சேர்த்துக்கொள்ளுங்கள். ஆறு பிள்ளை பெற்றவர் அவர்தானே? “உன் அப்பாவின் பீடி நாற்றத்தால் நான் பட்ட பாடு எனக்குத் தெரியும்” என்று அவர் ஒரு வார்த்தை சொன்னால், என் பக்கம் பக்கமான எழுத்தைவிட அது மகனிடம் எடுபடும். சேர்வராயன் கோயில் வேண்டுதல் ஏதேனும் இருந்தால் அதுவும் இருக்கட்டும், நான் குறுக்கே நிற்கவில்லை.

ஒரு எச்சரிக்கை. கணவரின் அறிக்கையைப் பார்க்காமல் ‘உடனே ஐ.வி.எஃப். (சோதனைக்குழாய்க் கருத்தரிப்பு) செய்துவிடலாம்’ என்று எங்கேனும் சொன்னால் எழுந்து வந்துவிடுங்கள். அந்தச் சிகிச்சைதான் தேவை என்று பின்னால் முடிவானாலும் செலவு லட்சங்களில் ஆகும். புகைக்கும் பெண்களுக்கு வெற்றி கிடைக்க ஏறத்தாழ இரண்டு மடங்கு முயற்சிகள் தேவைப்படுகின்றன. புகைக்கிறவரோடு ஒரே வீட்டில் இருப்பவர்களுக்கும் பலன் குறைகிறது. அதேசமயம் அவர் விடும் வரை எல்லாவற்றையும் நிறுத்தி வைக்கவும் வேண்டாம். பரிசோதனை, முயற்சி, புகையை விடுவது மூன்றும் ஒன்றாகவே நடக்கட்டும். தோட்டத்தில் பூச்சிமருந்து கலக்கும், தெளிக்கும் வேலையில் அவர் நிற்பதுண்டென்றால் அதையும் மருத்துவரிடம் சொல்ல மறக்க வேண்டாம். சில பூச்சிக்கொல்லிகளும் விந்தணுவைக் குறைக்கும்.

கடைசியாக உங்கள் வெற்றிலை. அதுவும் கணக்கில் வரும். மேலே சொன்ன கணக்கெடுப்பில் இந்தியப் பெண்களில் புகைப்பவர்கள் 2 சதவீதம்தான், புகையில்லாப் புகையிலை பயன்படுத்துபவர்கள் 12.8 சதவீதம். ‘புகைப்பீர்களா’ என்று மருத்துவர் கேட்கும்போது இத்தனை பெண்களும் இல்லை என்று உண்மையாகவே பதில் சொல்லிவிட்டுப் போகிறார்கள். தார், கார்பன் மோனாக்சைடு இல்லை என்பதைத் தவிர மற்றபடி மெல்லும் புகையிலையும் புகையிலைதான். கூடவே தடவும் சுண்ணாம்பு நிகோட்டினை இன்னும் விரைவாக ரத்தத்தில் ஏற்றும். கர்ப்ப காலத்தில் புகையிலை மெல்லும் பெண்களின் குழந்தைகள் எடை குறைந்து பிறப்பதும், வயிற்றிலேயே இறப்பதும் கூடுதல் என்று இந்தியாவிலேயே நடந்த ஆய்வுகள் சொல்கின்றன. கரு தங்கியது தெரிவதற்கு முந்தைய வாரங்களும் இதில் அடக்கம். ‘தங்கிய பிறகு விட்டுவிடுகிறேன்’ என்பது தாமதம். பருவத்துக்கு மட்டும் போடுகிறவர் என்பதால் உங்களுக்கு விடுவது கணவரைவிட எளிது. சூயிங்கம் எதுவும் உங்களுக்கு வேண்டாம். பறிப்புக்கு நடுவே வாய் கேட்டால் ஏலக்காயோ கிராம்போ போட்டுக்கொள்ளுங்கள், வெறும் பாக்கும் வேண்டாம். ஃபோலிக் அமில மாத்திரையை இதுவரை யாரும் எழுதித் தரவில்லை என்றால் அடுத்த முறை கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள்; அதைக் கரு தங்குவதற்கு முன்பே தொடங்க வேண்டும்.